அடங்கலில் ‘கிணறு’ என்று விழுந்தால் கண்மாய்க்குப் பணம் கிடையாதா?

கரிசல்காட்டான்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமானது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேலே இருந்தால் நீர்வளத்துறை, கீழே இருந்தால் ஒன்றியம், தெரியும்தானே. தூர்வாரப் பணம் ஒதுக்கச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் ஏதோ ஒரு அடங்கல் (ஊர்ப் பயிர்க் கணக்கு) சுருக்கத்தைப் புரட்டிவிட்டு, “கண்மாய்ப் பாசனம் பன்னிரண்டு ஏக்கர்தான் காட்டுது, மிச்சம் பூராவும் கிணறு. பன்னிரண்டு ஏக்கருக்கு இவ்வளவு எஸ்டிமேட்டா?” என்றார். அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து சார் வருகிறது என்று கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான். கண்மாய் பெருகின வருஷம் என் கிணற்றில் மோட்டார் பகல் முழுக்க ஓடும், பெருகாத வருஷம் மாசி பிறந்ததும் முக்கால் மணி நேரத்தில் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். இது எந்தக் கணக்கில் வரும்?

புள்ளிவிவரன்:
சிரித்ததை விட்டுவிடுங்கள், அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்து சுமார் 39,000. எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் எங்கள் கண்மாய்தான் முதலில் என்பார். ஊர்க்காரரும் சேர்ந்து கண்மாயைச் செப்பனிடுகிற குடிமராமத்தை 2017-இல் மறுபடி தொடங்கியபோது முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள், அதாவது நூற்றுக்கு நான்கு கண்மாய்கூடத் தேறாது. அந்த நான்கை எதை வைத்துப் பொறுக்குவது? பாசனப் பரப்பு என்று ஒரு எண் இருந்தால் அதைக் காட்டிச் சண்டை போடலாம். எண் இல்லாவிட்டால் யார் வீட்டு வாசலில் யார் கார் நிற்கிறது என்பதுதான் அளவுகோல். எனக்கு அரைகுறை எண்ணே மேல்.

மேலமடை:
அரைகுறை எண் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், நல்லது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டதே, பார்த்தீர்களா? நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகள், அதில் ஆக்கிரமிப்பு உள்ளவை 38,496. வெறும் 1.6 சதவீதம்! எந்த ஊர்க் கண்மாய்க் கரையிலாவது ஒரு நடை நடந்தவர் இந்த எண்ணை நம்புவாரா? தண்ணீர் வருகிற வரத்துக்காலில் வீடு, தண்ணீர் நிற்கிற உள்வாயில் உழவு, மிகைநீர் வழிகிற கலுங்குக்குப் பக்கத்தில் யாரோ போட்ட கம்பிவேலி. இந்த லட்சணத்தில் இருக்கிற கணக்கை வைத்து எங்களுக்குப் பணம் இல்லை என்று சொன்னால் கோபம் வராமல் என்ன வரும்.

புள்ளிவிவரன்:
அதே அறிக்கையில் 16.3 சதவீத நீர்நிலைகள் பயன்பாட்டில் இல்லை என்றும் இருக்கிறது. காரணப் பட்டியலில் வறண்டது, தூர்ந்தது, கட்டடம் வந்தது எல்லாம் உண்டு. ஒரு எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு ஆடாதீர்கள்.

அப்புறம், எண்ணே பார்க்காமல் பணம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022-இல் வந்த ஒன்றிய அரசின் குளத் திட்டம், அம்ருத் சரோவர். மாவட்டத்துக்கு 75 குளம், குறைந்தது ஒரு ஏக்கர், 10,000 கன மீட்டர் கொள்ளளவு. அந்த 75 எங்கிருந்து வந்தது? சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டிலிருந்து! கண்மாய்க்குக் கண்மாய் கரை முட்டிக் கிடக்கிற ராமநாதபுரத்துக்கும் ஏதோ ஒரு மலை மாவட்டத்துக்கும் ஒரே இலக்கு. அதற்கென்று தனி நிதியும் இல்லை, நூறு நாள் வேலை, நிதிக்குழு மானியம் என்று இருந்த பணத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

பழையகணக்கு:
நான் விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலர்) இருந்து ஓய்வு பெற்றவன். 1980-இல் கர்ணம், மணியம் என்ற பழைய ஊர்ப் பதவிகள் எல்லாம் ஒழிந்த பிறகு வந்த ஆட்களில் ஒருவன். திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. ஒவ்வொரு புல எண்ணையும் நடந்து பார்த்து என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எதிலிருந்து தண்ணீர் என்று எழுத வேண்டும். சட்டப்படி. நடப்பது என்ன? சாதிச் சான்று, வாரிசுச் சான்று, தேர்தல், வெள்ள நிவாரணம், அமைச்சர் வருகை, இதற்கெல்லாம் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் புல எண். போன பசலியை (வருவாய்க் கணக்கு ஆண்டு) பார்த்து இந்தப் பசலியை எழுதிய வருஷங்கள் எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. இது தெரிந்துதான் வருஷத்துக்கு 20 சதவீதக் கிராமங்களை மட்டும் முன்கூட்டியே முழுசாக நடந்து எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, மாநிலப் பரப்பு மதிப்பீட்டுக்கு அது போதும். ஆனால் கரிசல்காட்டான் தம்பியின் கண்மாய்க்கு அது போதாது. மாநிலத்துக்குச் சரியாக வருகிற எண் ஒரு ஊருக்குச் சரியாக வரும் என்று கட்டாயம் இல்லை.

இப்போது அந்தக் ‘கிணறு’ விவகாரம். வயலுக்குள் கடைசியாக எதிலிருந்து தண்ணீர் பாய்ந்ததோ அதை எழுதிவிட்டுப் போய்விடுவோம், அதுதான் வழக்கம். ஆனால் அரசின் புள்ளிவிவரத்தில் கிணறு ஒரே வகை இல்லை. தனியாகப் பாசனம் செய்கிற கிணறு வேறு, கண்மாய் ஆயக்கட்டுக்குள் இருந்துகொண்டு கண்மாய்த் தண்ணீர் போதாதபோது கைகொடுக்கிற துணைக் கிணறு வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட இடம் இருக்கிறது. பிரித்து எழுதத்தான் ஆள் இல்லை.

மேலமடை:
ஐயா, இதைத்தான் நானும் வேறு மாதிரி சொல்கிறேன். பயிர் அறுவடைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அதற்கான தேர்வில் எங்கள் வயல் விழுந்தது. சீரற்ற எண் அட்டவணையைப் பார்த்து மூலையிலிருந்து அடி எண்ணி, முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி எடை போட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே நின்றார், வரப்பிலிருந்து இறங்கவே இல்லை. பயிர்க் காப்பீட்டு விதிப்படி ஊராட்சிக்குக் குறைந்தது நான்கு சோதனை, நாலு கட்டமும் சேர்த்தால் இரண்டரை சென்ட் வராது. அதை வைத்து ஊருக்கே மகசூல். சரி, அது போகட்டும், அங்கே பணம் இருப்பதால் நாலு கண் பார்க்கிறது. கண்மாய்ப் பாசனம் எத்தனை ஏக்கர் என்பதை யார் நின்று பார்க்கிறார்கள்?

புள்ளிவிவரன்:
நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள், கவனித்தீர்களா? பணத்தை எண்ணோடு கட்டினால் எண் தானாகத் திருந்தும்.

மேலமடை:
திருந்தாது, வீங்கும். நாளைக்கே ‘கண்மாய்ப் பாசனம் இருந்தால்தான் நிதி’ என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும், ஊர்க் கிணறெல்லாம் ஒரே ராத்திரியில் கண்மாய் ஆகிவிடும்.

கரிசல்காட்டான்:
இரண்டு பேரும் என் கண்மாயை மறந்துவிட்டீர்கள்.

குடிமராமத்தில் பத்து சதவீதம் ஊர்க்காரர் பங்கு என்று விதி இருந்தது, உழைப்பாகவோ பணமாகவோ பொருளாகவோ. அந்தப் பங்கு ஆயக்கட்டுதாரர் தலையில். எங்கள் ஊரில் ஆயக்கட்டுக்குள் இருப்பவர் பெரும்பாலும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்காரர். (ஒருவர் கையில் இருக்கிற நிலத்தின் மாநில சராசரியே 2015-16 கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர்தான்.) கண்மாய் பெருகினால் அதிகம் பலன் அடைவது கரைக்கு மேற்கே தென்னை போட்டு ஆழ்குழாய் இறக்கினவர். அவர் எந்த ஆயக்கட்டிலும் இல்லை, பங்கும் தரமாட்டார், அவர் தோப்பு கண்மாயின் பலனாகவும் கணக்கில் ஏறாது. தூர்வார வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை, மடையின் கீழ்ப்படி வண்டலுக்குள் போய் எட்டு வருஷம் ஆகிறது, கதவைத் தூக்கினால் தண்ணீருக்கு முன்னால் சேறு வருகிறது.

புள்ளிவிவரன்:
தென்னந்தோப்புக்காரர் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. நிலத்தடி நீருக்கு ஆயக்கட்டு எல்லை தெரியாது. அதற்காக ‘சுற்றுவட்டாரம் எல்லாம் எங்கள் கண்மாயின் பலன்’ என்று எழுத ஆரம்பித்தால், பக்கத்து ஊர்க் கண்மாயும் அதே தோப்பைத் தன் கணக்கில் எழுதும். ஒரே கிணற்றுக்கு இரண்டு கண்மாய் சொந்தம் கொண்டாடும்.

பழையகணக்கு:
தம்பி, சண்டை நடக்கட்டும், நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஆயக்கட்டுக்குள் இருக்கிற கிணறுகளை மட்டும் புல எண்ணோடு பட்டியல் எடுங்கள். எந்த மாதம் வரை கண்மாய்த் தண்ணீர் பாய்ந்தது, எப்போது மோட்டார் போட்டது என்று பக்கத்தில் குறியுங்கள். விஏஓவிடம் கொடுங்கள், ஜமாபந்தியிலும் (வருஷாவருஷம் நடக்கிற கிராமக் கணக்குத் தணிக்கை) ஒரு நகல் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புகை முக்கியம். அதோடு அந்த எஸ்டிமேட்காரரைப் போய்ப் பாருங்கள்.

கரிசல்காட்டான்:
ஞாயிற்றுக்கிழமை நாலு பேராக இறங்குகிறோம். தோப்புக்கார ஆழ்குழாயையும் எழுதலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா.

புள்ளிவிவரன்:
கூடாது.

மேலமடை:
எழுதுங்கள். தனித் தாளில்.