சிங்கப்பூரிடமிருந்து இலங்கை எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

கொழும்பான்:
1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. சிங்கப்பூர் போன பாதை அது. அதில் உறுதியாக நின்றிருந்தால், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்திருக்க மாட்டோம். குறைந்த வரி, கண்டிப்பான நிர்வாகம், முதலீடு. வேறு வழி கிடையாது.

மலைமகள்:
சிங்கப்பூர் என்றால் உங்களுக்கு வரிச்சலுகை மட்டும்தான் தெரிகிறதா? அங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசினுடையது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். இன்று மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அது கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயனில், 10க்கு 12 அடி அறையில் பாட்டி முதல் பேரன் வரை படுத்திருப்பார்கள். கூரைத் தகரம் ஒழுகினால் புத்தகப் பையை எந்த மூலைக்கு நகர்த்துவது என்று பிள்ளைகள் தவிக்கும்.

கொழும்பான்:
வீடு கட்டப் பணம் வேண்டாமா, சகோதரி? முதலில் ஏற்றுமதி வளரட்டும்.

மலைமகள்:
அவர்கள் கட்டத் தொடங்கியபோது செல்வந்தர்களாக இருக்கவில்லை. தொழிலாளி தன் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்தே வீட்டுக்குப் பணம் கட்ட 1968இல் வழிசெய்தார்கள். நமக்கும் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த நிதி அரசுக்குக் கொடுத்த கடனான திறைசேரி முறிகளில்தான் கை வைத்தார்கள். வங்கிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். உழைத்தவரின் முதுமைக்கான காசு அது!

பருத்தித்துறையான்:
இருவருமே மொழியை விட்டுவிட்டீர்கள். சிங்கப்பூரில் நான்கில் மூன்று பேர் சீனர். இருந்தும் தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. நாமோ 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தோம். பின்னர் 26 ஆண்டுகள் போரில் எரிந்தோம். எந்த முதலீட்டாளர் நம்பி வருவார்? அதற்காக அவர்களின் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. வேலைநிறுத்த உரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் இறுக்கிப் பிடிக்கும் ஆட்சிமுறை நமக்கு வேண்டாம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா தந்த இலவசக் கல்வியிலும் கை வைக்கக்கூடாது.

கொழும்பான்:
மொழி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடிய ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை விற்கத்தான் வேண்டும்.

மலைமகள்:
சிங்கப்பூர் எயார்லைன்ஸின் பெரும்பான்மைப் பங்கு யாரிடம் இருக்கிறது? அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம்!

கொழும்பான்:
அங்கே அமைச்சரின் சிபாரிசுக் கடிதத்தோடு யாரும் வேலைக்குப் போய் நிற்பதில்லை. இங்கே அதை நிறுத்திக் காட்டுங்கள். விற்க வேண்டாம் என்று நானும் சொல்கிறேன்.