டொராண்டோவில் மஞ்சள் இலை கிடைக்குமா?

என் கணவர் ஒடிசாவின் கட்டாக்கைச் சேர்ந்தவர். அவர்கள் வழக்கப்படி, நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும் பிரதமாஷ்டமி பண்டிகை அன்று மூத்த பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தி, ஆரத்தி எடுத்து, எண்டுரி பிட்டா கொடுப்பார்கள். அரிசி உளுந்து மாவுக்குள் தேங்காய், வெல்லம், பாலைத் திரித்து எடுத்த சேனா (பன்னீர் மாதிரி) வைத்து, மஞ்சள் இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. போன வருடம் வாழையிலையில் செய்தேன். வீடியோவில் பார்த்த மாமியார், "கொழுக்கட்டை நன்றாக இருக்கிறது" என்றார்! அவர் சொன்னதும் சரிதான். அந்த இலையின் வாசம் இல்லாவிட்டால் அது பிட்டாவே இல்லை.

நவம்பர் குளிருக்குள் என் தொட்டி மஞ்சள் வாடிவிடுகிறது. உறைந்த இலை இங்கே எங்காவது விற்கிறார்களா? கோடையிலேயே பறித்து ஃப்ரீசரில் வைத்தால் மணம் நிற்குமா? பொங்கலுக்காக வீட்டுக்குள் மஞ்சள் வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான்கு இலை போதும்.