சிக்னல் ஜெனரேட்டருக்குள்ள இருக்கிற 50 ஓம் (சோர்ஸ் இம்பீடன்ஸ்): உங்க அனுபவம் சொல்லுங்க

மஞ்சக்குப்பம்_லேப்:
பல வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. கடலூர்ல ஒரு பாலிடெக்னிக்ல லேப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தேன். பிராக்டிகல் எக்ஸாம். ஒரு பொண்ணு ஃபங்ஷன் ஜெனரேட்டர்ல (சோதனைக்கு அலை தர்ற சிக்னல் ஜெனரேட்டர்) 1 வோல்ட் வச்சிருக்கா, ஸ்கோப்ல (அலையைத் திரையில காட்டுற ஆசிலோஸ்கோப்) 2 வோல்ட் நிக்குது. பார்த்தபடியே 2ன்னு எழுதியிருந்தா. "வச்சது ஒண்ணு, எழுதுனது ரெண்டா?"ன்னு சிவப்பு மையால அடிச்சுட்டேன். "சார், ஜெனரேட்டருக்குள்ள 50 ஓம் இருக்கு. வெளியிலயும் 50 ஓம் லோடு இருக்கு, பாதி உள்ளயே போயிடும்னு வச்சுக்கிட்டுதான் அது 1னு காட்டுது. ஸ்கோப்பு 1 மெகா ஓம் சார், அதனால முழு 2ம் வருது"னு மெதுவாச் சொன்னா. "உக்காரும்மா"ன்னேன். மறுபேச்சு இல்லாம ஒயிட்னர் எடுத்து 2ஐ அழிச்சா. அந்தக் கை இன்னும் கண்ணுல நிக்குது.

எல்லாரும் போனப்புறம் ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டரை பேரலலா (சேர்ந்தா 50 ஓம்) டி கனெக்டர்ல மாட்டிப் பார்த்தேன். லோடு இல்லாம 2.00, லோடோட 1.00. முதலாவதை ரெண்டாவதால வகுத்து, 1 கழிச்சு, 50ஆல பெருக்கினா சோர்ஸ் இம்பீடன்ஸ். 50தான் வந்துச்சு. அவ சொன்னது அத்தனையும் சரி.

சேதராப்பட்டு_ஆர்எஃப்:
எங்க கம்பெனியில ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) ஜெனரேட்டரை அணைச்சு வச்சு ரிட்டர்ன் லாஸ் (அனுப்புற அலையில எவ்வளவு திரும்பி வருதுங்கிற அளவு) பார்த்துட்டு "மேட்ச் நல்லாருக்கு", அதாவது 50 ஓமுக்குச் சரியாப் பொருந்துதுன்னு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நான். அணைச்சிருந்தா ஏஎல்சி (அவுட்புட் அளவைத் தானா சீரா வைக்கிற சர்க்யூட்) வேலை செய்யாது. ஓடும்போது இருக்கிற மேட்ச் வேற. ஃபில்டர் டெஸ்டுல ரிப்பிள் (அளவு ஏறி இறங்குறது) வந்தப்ப எல்லாரும் ஃபில்டரைத்தான் குறை சொன்னோம். அதைச் செஞ்ச பையன் ராத்திரி பூரா டியூன் பண்ணிக்கிட்டு இருந்தான்.

கடைசியில டைரக்‌ஷனல் கப்ளர் (ஒரு திசையில போற அலையை மட்டும் தனியா அளக்க விடுறது) போட்டு, முனையில ஸ்லைடிங் ஷார்ட்டை (அலையை அப்படியே திருப்பி அனுப்புற, நகர்த்தக்கூடிய ஷார்ட் சர்க்யூட்) மாட்டி மெதுவா நகர்த்தினேன். ஜெனரேட்டர்ல இருந்து போற அலை 3.5 டெசிபல் ஏறி இறங்குது! விஎஸ்டபிள்யூஆர் (மேட்ச் எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டுற எண், 1ன்னா கச்சிதம்) 1.5. ஒரு 10 டெசிபல் பேடை (சிக்னலைக் குறைக்கிற அட்டென்யுவேட்டர்) ஜெனரேட்டர் வாயில போட்டதும் ஆட்டம் 0.35க்கு அடங்கிடுச்சு. பையன் என்னைப் பார்த்தான், ஒண்ணும் சொல்லல.

முத்தியால்பேட்டை_சர்வீஸ்:
முதல்ல எழுதின அண்ணே, நீங்க எந்த ஃப்ரீக்வென்சின்னு சொல்லவே இல்லையே. ஸ்கோப் இன்புட்ல 15 பிகோ ஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருந்தா 100 மெகாஹெர்ட்ஸ்ல அதோட ரியாக்டன்ஸ் (ஏசிக்குக் காட்டுற தடை) 106 ஓம்தான். அங்க உங்க கணக்கு நிக்காது.

என் கதை சின்னது. 1 வோல்ட் வச்சா 1.2 காட்டுதுன்னு ஜெனரேட்டரையே பிரிச்சு அவுட்புட் ரெசிஸ்டரை மாத்தினேன். அப்பவும் 1.2. மாட்டியிருந்தது கேபிள் டிவிக்காரங்க 75 ஓம் டெர்மினேட்டர் (கேபிள் முனையில லோடா மாட்டுற ரெசிஸ்டர்). 2 வோல்ட்ல 125க்கு 75 பங்கு, 1.2 வராம என்ன வரும்?

அதனால எல்லாருக்கும் சொல்றேன். டெர்மினேட்டரை மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல அளந்துடுங்க. டிவி கேபிளை அளவைக்கு எடுக்காதீங்க, அது 75 ஓம். லோடை மாட்டும்போது டிசி ஆஃப்செட் (அலையோட சேர்ந்து வர்ற டிசி வோல்டேஜ்) சைபர்ல இருக்கட்டும். ஜெனரேட்டர் மெனுவுல லோடு ஹை-இசட்டா (ரொம்பப் பெரிய தடை) 50 ஓமான்னு பாருங்க. அது திரையில காட்டுற எண்ணை மட்டும்தான் மாத்தும், உள்ள இருக்கிற 50 ஓம் அப்படியேதான் இருக்கும். அப்புறம் நம்ம ஊர் உப்புக்காத்து. பிஎன்சி கனெக்டரோட நடு ஊசி கறுத்துப்போனா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைங்க. காண்டாக்ட்ல 5 ஓம் ஏறினா ஜெனரேட்டர் 55 ஓம்னு கணக்கு வரும், நீங்க மறுபடி ஜெனரேட்டரைப் பிரிப்பீங்க.

மஞ்சக்குப்பம்_லேப்:
1 கிலோஹெர்ட்ஸ்லதான் பார்த்தேன் தம்பி. அங்க 15 பிகோ ஃபாரட் குறுக்க வராது. மறுநாள் காலையில மார்க்கை மாத்தச் சொல்லி ஹெச்ஓடிகிட்ட போனேன். ஷீட்டை அனுப்பியாச்சுன்னுட்டாங்க. அடுத்த பேட்ச்ல இருந்து அந்த ரெண்டு ரெசிஸ்டரும் டி கனெக்டரும் எக்ஸாம் டேபிள்லயே இருந்துச்சு.