காணும் பொங்கல் அன்னிக்கு பஸ்ஸெல்லாம் மாறுச்சே, உங்களுக்கு என்ன ஆச்சு?

தாம்வேகாரன்

2017 ஜனவரி 16, திங்கக்கிழமை. ரங்கூன்ல இருந்த யாருக்கும் மறந்திருக்காது, ராத்திரியோட ராத்திரியா பழைய லைன்கார் (தனியார் பஸ்) நம்பர் எல்லாம் போயி, ஒய்பிஎஸ்னு புது பஸ் சர்வீஸ் வந்து, முந்நூறுக்கு மேல இருந்த ரூட்டு எழுபது வாக்குல ஆயிடுச்சு. காணும் பொங்கலாச்சேன்னு நானும் அத்தையும் காளி கோயிலுக்குக் கிளம்புனோம். அத்தைக்கு பர்மா எழுத்து தெரியாது. நாப்பது வருஷமா அவங்க பஸ் ஏறுனது ஸ்பெயார், அதான் கண்டக்டர், கத்துறதைக் கேட்டுத்தான், "சூலே சூலே சூலே"ன்னு டவுன் நடுவுல இருக்கற ஸ்டாப்பு பேரு காதுல விழுந்தா ஏறுவாங்க, அவ்வளவுதான்.

அன்னிக்கு வந்த வண்டியில ஸ்பெயாரே இல்ல. ட்ரைவர் பக்கத்துல காசு போட ஒரு பெட்டி. கூட்டம் என்னை உள்ள தள்ளிடுச்சு, அத்தை முன்னாடியே மாட்டிக்கிட்டாங்க, கையில இருந்த ஆயிரம் கியாட் நோட்டை அப்படியே பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நானூறு, மீதி அறுநூறு. பெட்டி மீதி குடுக்குமா? ட்ரைவர் திரும்பிக்கூட பாக்கல. ஸ்கூல் பொண்ணு ஒண்ணுதான், "அமே (அம்மா), இங்கயே நில்லுங்க, அடுத்து ஏறுற மூணு பேருகிட்ட வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிக் குடுத்துச்சு.

அத்தை கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க. பட்டுப் புடவை, தலை நிறைய பூ, கை மட்டும் நீட்டி. முதல்ல ஏறுனவன் அவங்களை ஒரு மாதிரி பாத்துட்டு பெட்டியிலயே போட்டுட்டுப் போயிட்டான். எனக்கு இன்னிக்கும் அந்தக் கைதான் கண்ணுல நிக்குது.

தெற்கு ஒக்கலப்பா

ப்ரோ அத்தை விஷயம் கஷ்டம்தான், ஆனா ஸ்பெயாரை இப்படி சாமி மாதிரி பேசாதீங்க. ஓனருக்கு தினம் இவ்வளவுன்னு கட்டணும், அதுக்கு மேல வர்றதுதான் அவங்களுக்கு, அதனாலதான் ஒரே ரூட்டுல ரெண்டு வண்டி ரேஸ் விட்டுச்சு, ஆள் சேர்ற வரைக்கும் ஸ்டாப்புல நகரவும் மாட்டான். எங்க தாத்தாவுக்கு நடந்ததைக் கேளுங்க. நம்ம ஊர்ல 1970லயே வலது பக்கமா ஓட்ட மாத்தியாச்சு, வண்டி மட்டும் ஜப்பான்லருந்து வந்த பழசு, கதவு இடது பக்கம். எங்க ரூட்டுல ஒண்ணு ரெண்டு கதவை மாத்தாமலே ஓடுச்சு. தாத்தா இறங்குனா நடு ரோடு. ஸ்பெயார் முதுகுல கை வச்சு "சீக்கிரம் சீக்கிரம்"னு தள்ளுறான், பின்னாடி டாக்ஸி வருது. செருப்பு ஒண்ணு டாக்ஸி டயர்ல மாட்டிப் போயிடுச்சு, கால் தப்புச்சு. ஒய்பிஎஸ் வந்தப்புறம் அந்தத் தள்ளு இல்ல. என் ஓட்டு பெட்டிக்குத்தான்.

டகோன் மழை

நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுன கதை சொல்றீங்க, எங்களுக்கு ஏறுறதுக்கே பஸ் இல்ல. 1988க்கு அப்புறம் டவுனுக்குள்ள இருந்தவங்களை டகோன் மியோதிட், லைங்தாயா, ஷ்வேபித்தான்னு ஊருக்கு வெளியில புதுசா போட்ட பேட்டைங்களுக்கு அனுப்புனாங்கல்ல, அதுல எங்க வீடும் ஒண்ணு. நாப்பதுக்கு அறுபது மனை, சுத்தி வயல். மனையை அளந்து கல்லு நட்டாங்க, ரோட்டுக்குக் கோடும் போட்டாங்க, வேலைக்கு மறுபடி டவுனுக்குத்தானே போகணும், அது எப்படின்னு யாரும் யோசிக்கல. அப்பா மழைக்காலத்துல செருப்பை கையில எடுத்துக்கிட்டு மெயின் ரோடு வரை நடப்பாரு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. 2013ல போக்குவரத்து ப்ளான் போட வீடு வீடா கேட்டு வந்தாங்களே, எங்க வீட்டுக்கும் ஒரு பொண்ணு அட்டையும் பேனாவுமா வந்துச்சு. அம்மாகிட்ட "நேத்து எங்கெங்க போனீங்க?"ன்னு கேட்டுச்சு. அம்மா "எங்கயும் போகல"ன்னாங்க. பொண்ணு கட்டத்துல ஒரு சைபர் போட்டு அடுத்த பக்கம் திருப்பிடுச்சு. அம்மாவுக்கு டவுன்ல அக்கா இருக்காங்க, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது இருந்துச்சு, பஸ்ஸுக்கு பயந்து போகல. அதைக் கேக்க அந்தத் தாள்ல இடமே இல்ல. அந்த சைபரை வச்சுத்தான எங்க பக்கம் பஸ் வேணுமா வேணாமான்னு பாத்திருப்பாங்க?

ஸ்ட்ராண்ட் ரோட்டுக்காரன்

என் கதை சின்னது. 2016 ஜனவரில ஸ்ட்ராண்ட் ரோட்டுல ஹிரோஷிமாவுல ஓடுன பழைய ட்ராமைக் கொண்டுவந்து விட்டாங்களே, பையனைக் கூட்டிட்டுப் போனேன், ட்ராம் பொட்டியில நாங்க ரெண்டு பேரும் ஒரு பூனையும். ஒரு பக்கம் துறைமுகச் சுவர், யாரு ஏறுவா? தண்டவாளம் கிடந்த இடத்துல விட்டா ஆள் வந்துருவானா? ஆறு மாசம் வாக்குல நின்னுடுச்சு.

தாம்வே தம்பி, அத்தைக்கு பஸ்ஸே வேணாம். மியோபத் ரயில்ல, அதான் ஊரைச் சுத்தி வர்ற ரயில்ல, பழக்குங்க. 45.9 கிலோமீட்டர், முன்னாடி ஒரு சுத்துக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ஆனா தூங்கிட்டாலும் கவலை இல்ல, சுத்தி வந்த இடத்துக்கே வந்துரும். ஜன்னல் பக்கம் உக்காரச் சொல்லுங்க, மதியத்துக்கு மேல போகாதீங்க, காய்கறிக் கூடை ஏறும், கால் வைக்க இடம் இருக்காது. சில்லறையை சுருக்குப் பையில தனியா வைங்க. வாடகை வீடுன்னா ஸ்டேஷன் பக்கமா மாறுங்க, பஸ் ரூட்டை நாளைக்கே மாத்துவான், தண்டவாளத்தை யாரு பேத்து எடுக்கப் போறா. ஆத்துக்கு அக்கரையில டலா பக்கம் பாலம் வருதுன்னு 2019ல வேலை ஆரம்பிச்சதுலருந்து மனை வாங்கச் சொல்லி புரோக்கர் சுத்துறான், நம்பாதீங்க, என் மச்சான் வாங்கிட்டு பன்சோடான் படகுத்துறையில வருஷக்கணக்கா க்யூல நின்னான். டகோன் தங்கச்சி, உங்க அம்மாவையும்...

டகோன் மழை

நான் தங்கச்சி இல்ல, தம்பி. அம்மாவுக்கு யோசனை கேக்கல அண்ணே. எங்க வீட்டுலருந்து ஸ்டேஷனுக்குப் போகவும் பஸ்தான் வேணும்.

தாம்வேகாரன்

அண்ணே, அத்தையை ரயில்ல விட்டா டிக்கெட் கவுன்டர்ல இருக்கறவன்கிட்ட முழு குடும்பக் கதையும் சொல்லி ரயிலை விட்டுருவாங்க.

அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. பஸ் நம்பரைப் படிக்கல, கோலம் மாதிரி வளைவை மனசுல வச்சுக்கிட்டாங்க. அதுலயும் பர்மா எழுத்துல மூணும் ஆறும் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்குமா, ரெண்டு தடவை வேற எங்கயோ போயி இறங்கி சாய்க்கா (சைக்கிள் ரிக்‌ஷா) புடிச்சு வந்தாங்க. இப்ப எந்த வண்டி நின்னாலும் கதவுகிட்ட போயி ட்ரைவரைப் பாத்து "சூலே? சூலே சூலே?"ன்னு இவங்களே கத்துறாங்க. ஸ்டாப்புல நிக்கிறவங்க பாதிப்பேரு அதைக் கேட்டு ஏறுறாங்க.