ரிப்பீட்டர் துவக்கில் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நெல்லியடியான்

ஒன்ராறியோவில் மச்சான் வைத்திருக்கும் ரெமிங்டன் 870 பற்றியது. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துவக்கு; மேலும் விளக்கத் தேவையில்லை. 1950களின் தொடக்கத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் செய்து விற்றுவிட்டார்கள். நம்மூர் வங்கி வாசலில் காவலாளி பிடித்துக்கொண்டு நிற்கும் ரிப்பீட்டரின் இனம்தான். மச்சான் அதன் முதுகில் ரெயில் (கண்ணாடி பொருத்தும் உலோகத் தண்டு) பூட்டி, குறிவைக்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியை ஏற்றியிருந்தார். சுடுதிடலில் அவர் பக்கத்தில் நிற்க, நான் தோளில் வைத்தேன். (உரிமம் இல்லாதவர் உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் சுட அங்கே இடமுண்டு.)

முதலில் புள்ளியே இல்லை. சிறுவயதில் அம்மப்பாவின் இரட்டைக்குழலில் கன்னத்தைப் பிடங்கோடு (தோளில் பதியும் கட்டையோடு) சேர்த்தால் குழல் நுனிக் குறியான மணி தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இதில் கன்னத்தை அழுத்தினால் கண்ணாடியின் அடிச்சட்டம்தான் தெரிந்தது. முகத்தைத் தூக்கி நாடியைப் பிடங்கில் வைத்த பிறகே புள்ளி வந்தது. வந்த உடனே அலையத் தொடங்கியது. கடதாசி மானின் கழுத்து, வயிறு, கால், பிறகு மானே இல்லாத வெறும் மண்மேடு. மூச்சை அடக்கினேன், இன்னும் மோசமாயிற்று.

"கண்ணாடி ஆடுகிறது" என்றேன்.

"கண்ணாடி ஆடவில்லை, நீதான் ஆடுகிறாய்" என்றார் மச்சான்.

வெடி தீர்ந்தது. நாடியில் ஓர் அடி விழுந்தது, மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணியைப் பார்த்துக் குறிவைத்த காலத்திலும் என் கை இப்படித்தான் ஆடியிருக்க வேண்டும். மணி அதை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது என் கையைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

பளைத் தென்னை

தம்பி, கடதாசி மானுக்குப் புள்ளி வைக்கலாம். பன்றிக்கு எதற்கு?

என்னிடம் இருப்பது உரிமம் உள்ள ஒற்றைக்குழல் 12 போர் (குழல் துளையின் அளவு) துவக்கு. குழலின் கீழே ரோச் லைட்டை ரப்பர் ரியூப் வாரால் சுற்றிக் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் அலங்காரம். தென்னம்பிள்ளை வைத்த வருடம் இரவிரவாகப் பன்றி வந்து வேரோடு தோண்டிவிட்டுப் போகும். ஓர் இரவு வேலியோரம் சரசரப்புக் கேட்டு வெளிச்சத்தை அடித்தேன். இரண்டு கண்கள் தெரிந்தன. விரல் விசையில் இருந்தது. அந்தக் கண்கள் பன்றிக்கு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. காலைக் கொஞ்சம் நகர்த்தினேன், கழுத்தில் கயிறு தெரிந்தது. பக்கத்து வளவுக்காரரின் நாம்பன், கட்டை அறுத்துக்கொண்டு வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் அவர் வீட்டுப் பால் வரும்போது எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

எந்தக் கண்ணாடியும் அது மாடா பன்றியா என்று சொல்லித் தராது. அதோடு அந்தச் சிவப்புக் கதிர் மேலே விழுந்தால் பன்றி ஓடாமல் நிற்குமா?

ஸ்காபரோக் குளிர்

நெல்லியடியான் அண்ணை, உங்கள் மச்சானின் பூட்டுதல் பிழை. எனக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: தென் ஒன்ராறியோவில் மான் பருவம், ஒற்றைக் குண்டுத் தோட்டா, சுட்டேன், கண்ணாடி துவக்கை விட்டுக் கிளம்பிப் பனிக்குள் புதைந்தது. மானும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மான் முதலில் போனது.

இனி, செய்ய வேண்டியது. பல 870களின் உடலில் ரெயிலுக்குத் துளை இருக்காது. மொஸ்பேர்க் 500இல் தொழிற்சாலையிலேயே துளை போட்டு வரும். துளை இல்லாததில் தெரிந்த துவக்குத் திருத்துனரிடம் கொடுத்துத் துளைக்க வேண்டும், அல்லது உடலின் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சேணம் போன்ற தாங்கியை வாங்க வேண்டும். விசைத்தொகுதியின் ஊசிகளுக்குப் பதிலாக அதன் திருகாணிகள் குறுக்கே போகும். எதுவானாலும் திருகாணிப் புரியில் நீலநிறப் பூட்டுப்பசை ஒரு துளி. 12 போரின் உதை வெறும் முறுக்கை ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் தளர்த்திவிடும். என் கண்ணாடி பறந்ததும் அதனால்தான், பூட்டிக் கொடுத்த கடைக்காரர் பசை போடவில்லை.

அடுத்தது கன்னம். இந்தத் துவக்கின் பிடங்கு மணிக்காகச் செய்யப்பட்டது, தாழ்வானது. ரெயிலும் கண்ணாடியும் ஏறும்போது பார்வைக்கோடு மேலே போகிறது, கன்னம் அந்தரத்தில் நிற்கிறது. உங்கள் நாடியில் விழுந்த அடிக்குக் காரணம் அதுதான். பிடங்கின் மேல் கன்னத்தாங்கி கட்டினால் தீரும். ரெயிலும் முடிந்த அளவு தாழ்வாக இருக்க வேண்டும். புள்ளியின் அளவையும் பாருங்கள்; அதை எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) கணக்கில் சொல்வார்கள். 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 யார் தூரத்தில் ஏறத்தாழ 2 அங்குலத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. 6 அங்குலத்தை. சிதறிப் பரவும் சன்னத் தோட்டாவுக்குப் பெரிய புள்ளி போதும், விரைவாகக் கண்ணில் படும். ஒற்றைக் குண்டுக்குச் சிறியது நல்லது. எந்தத் தோட்டாவோடு வேட்டைக்குப் போகிறீர்களோ அதே தோட்டாவால் 50 யாரில் குறி சரிபார்க்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். மாற்று பற்றரியை உட்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் அது சோர்ந்துவிடும். தொலைநோக்கிக் குறிகாட்டி வாங்கப் போகிறவர்கள், கண்ணுக்கும் அதற்கும் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்; இல்லாவிட்டால் புருவத்தில் பிறைபோல ஒரு வெட்டு நிச்சயம்.

பளை ஐயா, ரியூப் வார் கட்டிய துவக்கை வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வான்நோக்கி

பளை ஐயாவுக்கு: பன்றியின் மேல் ஒன்றும் விழாது. நீங்கள் நினைப்பது லேசர். இதில் சிறிய எல்.இ.டி. ஒன்று பின்னாலிருந்து முன்கண்ணாடிக்கு ஒளியை அனுப்புகிறது. அந்தக் கண்ணாடி வளைந்தது, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு கொண்டது. திரும்பும் ஒளி இணைகதிராக வருவதால் புள்ளி எங்கோ தொலைவில் இருப்பதாகக் கண் நம்புகிறது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி இலக்கை விட்டு அதிகம் விலகாததும் அதனால்தான். 1970களின் நடுப்பகுதியில் சுவீடனின் எய்ம்பாயின்ட் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எனக்குத் துவக்கோடு தொடர்பில்லை. ஆனால் என் வானியல் தொலைநோக்கியில் இதே புள்ளி உண்டு, வெள்ளியையும் வியாழனையும் பிடிக்க. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒருநாள் அதை ஓட்டோவில் வைத்துக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் குழாயை விட்டுவிட்டு அந்தச் சிறு கண்ணாடியைத்தான் கழற்றினார். கண்ணில் வைத்தார், சிவப்பைக் கண்டார், முகம் மாறிவிட்டது. "இது எந்தத் துவக்கினுடையது?" என்று கேட்டார். நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. நல்ல வேளையாக வியாழன் மேலே இருந்தது. வீதியோரத்தில் முக்காலியை விரித்துக் காட்டினேன். அதன் நிலவுகளைப் பார்த்துவிட்டுத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வாகனங்கள் வரிசையில் நின்றன. கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் அந்த முதல் கேள்வியைக் கேட்ட குரல் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

உரும்பிராய் மகள்

ஸ்காபரோத் தம்பி, இங்கிருந்து படிப்பவர்களுக்கு உங்கள் பட்டியலால் என்ன பயன்? இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். துவக்கில் கை வைப்பதற்கு முன்னால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேளுங்கள், யூடியூப்பில் கேட்காதீர்கள்.

1980களில் உரிமம் பெற்ற துவக்கு இருந்த வீடுகளுக்கு இயக்கங்கள் வந்து வாங்கிக்கொண்டு போனதை வலிகாமத்தில் என் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா மறுக்கவில்லை. துவக்கை மடித்துத் திறந்து குழல் வெறுமையாக இருப்பதைக் காட்டினார், எண்ணெய்த் துணியால் துடைத்தார், பிடங்குப் பக்கமாக நீட்டினார். வந்தவர்களில் மீசை அரும்பாத ஒருவன் உடனே தோளில் வைத்துப் பார்த்தான், கன்னம் பிடங்கில் படவில்லை. அப்பா கிட்டப் போய் அவன் தலையைச் சாய்த்து, இடது முழங்கையை உள்ளே தள்ளி, "இப்போது மணி தெரிகிறதா?" என்று கேட்டார். அவன் "ஓம் ஐயா" என்றான். அம்மா அதற்காக அப்பாவோடு நெடுநாள் பேசவில்லை. நானும் அவர் இருந்தவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கண்ணாடிக்கடை

ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் கண் பார்க்க வந்து, சிவப்புப் புள்ளிக் கண்ணாடிகளைத் திட்டத் தொடங்கினார். தன்னுடையதில் புள்ளிக்கு வால் முளைத்திருந்ததாம். திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினாராம், அதிலும் வால். கைபேசியால் அதனூடே எடுத்த படத்தைக் காட்டினார், படத்தில் புள்ளி அழகான வட்டம். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாத குறை, அஸ்டிக்மாட்டிசம். சோதனைச் சட்டத்தை மாட்டி, உரிய சிலிண்டர் வில்லையைப் போட்டு, சுவரோரத்து யூ.பி.எஸ். பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொன்னேன். வில்லையைச் சுழற்றச் சுழற்ற வால் சுருங்கியது. மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது! "என் கண்ணில் ஒன்றும் இல்லை" என்று எழுந்து போய்விட்டார். வில்லைக்குக் கட்டளை கொடுக்கவே இல்லை.

நெல்லியடியான் அண்ணை, உங்கள் புள்ளி வட்டமாகத் தெரிந்திருந்தால் உங்கள் கண்ணில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. கை நடுக்கத்துக்கு எங்களிடம் கண்ணாடி கிடையாது.

பளைத் தென்னை

ஸ்காபரோக்காரருக்கு: ரியூப் வார் இன்றுவரை பறந்து பனிக்குள் விழவில்லை.

கண்ணாடிக்கடைத் தம்பி, எனக்கு எதிரே வரும் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்துக்கெல்லாம் வால் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பீர்களா?