எனர்ஜிபிளஸில் யன்னல் திறக்கவே இல்லை, யாராவது உதவுங்கள்

கல்லடித் தம்பி:
மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பாடசாலைக்கு ஏசி இல்லாத இரண்டு வகுப்பறைகளை, கட்டடத்தின் சூட்டையும் காற்றோட்டத்தையும் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறேன். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரு பக்கமும் பெரிய யன்னல். முதலில் ஸோன்வென்டிலேஷனில் (காற்றின் அளவை நாமே கொடுக்கும் பகுதி) மணிக்கு 5 தடவை காற்று மாறுவதாகக் கொடுத்தேன், சரியாக ஓடியது. யன்னல் வழியே உண்மையில் எவ்வளவு காற்று வரும் என்று பார்க்க, அதைத் தானே கணிக்கும் ஏர்ஃப்ளோ நெட்வொர்க்குக்கு (ஏஎஃப்என்) மாற்றினேன், அதிலிருந்து காற்றோட்டம் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. பிழை ஒன்றும் காட்டவில்லை. நாலு நாளாக இதிலேயே கிடக்கிறேன்.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, எர் கோப்பில் (ஓட்டத்தின் பிழைகளை எழுதிவைக்கும் கோப்பு) எச்சரிக்கைகளையும் வாசியுங்கள். ஏர்ஃப்ளோ நெட்வொர்க் ஓடும்போது பழைய ஸோன்வென்டிலேஷனைக் கணக்கில் எடுக்காது, அந்த 5 அங்கேயே போய்விட்டது. யன்னல் திறக்காததற்குக் காரணம் வேறு. யன்னலில் கண்ட்ரோல் மோடை (எப்போது திறப்பது என்ற தெரிவு) வெறுமையாக விட்டால் ‘ஸோன்லெவல்’, அதாவது அறை சொன்னபடி நட. அறையிலும் வெறுமையாக விட்டால் ‘நோவென்ட்’. வருடம் முழுக்கப் பூட்டிய யன்னல்தான். அறைக்குக் ‘கான்ஸ்டன்ட்’, அதாவது சூட்டைப் பார்க்காமல் திறந்தே வை என்று போட்டு ஓட்டுங்கள். அப்புறம், யன்னல் வழி வரும் வெளிக்காற்று வெளியீட்டில் ‘ஏஎஃப்என் ஸோன் இன்ஃபில்ட்ரேஷன்’ என்ற பெயரில் வரும், பழைய ஸோன்வென்டிலேஷன் வரியில் தேடாதீர்கள்.

கல்லடித் தம்பி:
நானா, திறந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் ‘டெம்பரேச்சர்’ மோடில் 26 பாகை கொடுத்தால் ஜூலையில் பகல் 11 மணிக்கு மூடிக்கொண்டு பின்னேரம்தான் திறக்கிறது. உள்ளே 31 இருக்கிறதே?

அக்கரைப்பற்று நானா:
அது பிழை இல்லை. அந்த மோடில் உள்ளே 26ஐத் தாண்டினால் மட்டும் போதாது, வெளியை விடவும் உள்ளே சூடாக இருக்க வேண்டும். கச்சான் (மேற்கிலிருந்து வரும் சூடான காற்று) வீசும் நாளில் வெளியே 34 என்றால் மூடத்தான் செய்யும், எங்கள் உம்மாவும் அந்த நேரம் மேற்கு யன்னலை அடைத்துத்தான் வைப்பார். ஆனால் வகுப்பில் நெருங்கி இருக்கும் பிள்ளைகளுக்கு வியர்வை காய உடம்பில் காற்றுப் பட வேண்டும், ஆகவே பாடசாலை நேரத்துக்குக் கான்ஸ்டன்டையே நேர அட்டவணையோடு வையுங்கள். உடம்பில் படும் காற்றின் வேகத்தை ஏர்ஃப்ளோ நெட்வொர்க் கணித்துத் தராது, அறையில் இருப்பவர்களின் விவரம் கொடுக்கும் பீப்பிள் பகுதியில் நீங்களே கொடுக்க வேண்டும். கட்டடத்தின் வடக்கு அச்சையும் (கட்டடம் எந்தத் திசைக்குத் திரும்பி நிற்கிறது என்ற கோணம்) ஒரு தடவை பாருங்கள்.

கல்லடித் தம்பி:
அச்சும் பிழைதான் நானா, 90 பாகை திரும்பி இருந்தது. என் கடல் பக்க யன்னல் இவ்வளவு நாளும் வடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. திருத்தி ஓட்டுகிறேன்.