மில் கணக்கு டேப்லெட்டுக்கு மாறுது, பெரியவரை எப்படிப் பழக்குறது?

வணக்கம். மன்னார்குடி பக்கம் ரைஸ் மில் நடத்துறோம். குறுவை வரத்துக்கு முன்னாடி எடை, ஈரப்பதம், பில் எல்லாத்தையும் டேப்லெட்டுக்கு மாத்தணும்.

அப்பா காலத்துக் கணக்குப்பிள்ளை ஐயாவை நினைச்சாதான் கவலை. நாலு நெல்லைக் கடிச்சுப் பாத்தே "ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டுது தம்பி"ம்பார். மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டும். டேப்லெட்டை நீட்டினா மட்டும் கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு, பக்கத்துல இருக்கற பையன்கிட்ட தள்ளிடறார். வேலை போயிடுமோன்னு பயம், வாய்விட்டுக் கேக்க மாட்டேங்கறார். சின்னப் பசங்க முன்னாடி கத்துக்கவும் கூச்சம். (விக்க வந்தவங்க இங்கிலீஷ்ல எடுத்த கிளாஸ் எனக்கே பாதி புரியல!)

சம்பா முடியற வரைக்கும் பேரேட்டையும் கூடவே ஓட விடலாமா, இல்ல இரட்டை வேலையாயிடுமா? தமிழ்லயே திரை வர்ற பில்லிங் சாஃப்ட்வேர் யாராவது வச்சிருக்கீங்களா? "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு அவர் மனசு நோகாம எப்படிப் பேச்செடுக்கறது? மில், மண்டி வச்சிருக்கறவங்க சொல்லுங்க.